பல்லாவரம் சந்தையா, கோயம்பேடு சுற்றா?

வேலையிடத்தில் வார விடுப்பு எந்த நாள் வேண்டும் என்று கேட்டபோது வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பல்லாவரம் சந்தைதான் காரணம். பழைய சாமான் பார்ப்பதும் வாரத்துக்குக் காய்கறி வாங்குவதும் எனக்கு ஒரே நாள் வேலை. இரண்டையும் பரபரப்பில்லாமல் முடிக்கச் சென்னையில் எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள். பல்லாவரத்தில் வெள்ளிதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தைக்குப் போவது ஒன்று. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம், திருவல்லிக்கேணி பாரதி சாலை என்று நகருக்குள் பழைய கடைகளைப் பார்த்துவிட்டு, மெட்ரோ பிடித்துக் கோயம்பேட்டில் காய்கறி வாங்குவது இன்னொன்று. இரண்டாவது வழியில்தான் முன்பெல்லாம் போய்க்கொண்டிருந்தேன். இப்போது முழுக்கப் பல்லாவரத்துப் பக்கம்.

நகரச் சுற்றின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகம் வேண்டுமென்றால் அதுதான் வழி, யோசிக்கவே வேண்டாம். 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் கட்டடம் 1985-ல் தீயில் போன பிறகும், அங்கிருந்த வியாபாரம் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் தொடர்ந்தது. அங்கும் பாரதி சாலை நடைபாதையிலும் நின்று புரட்டினால் பொழுது போவதே தெரியாது. பல்லாவரத்திலும் புத்தகம் கிடைக்கும், ஆனால் குவியலில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. விலையிலும் கோயம்பேடு முந்தும். 1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் அங்கே போனதிலிருந்து ஊருக்கே காய்கறி அங்கிருந்துதான் பிரிகிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு மாதிரி தாங்கும் சரக்கை மொத்தமாக எடுத்தால் நல்ல மிச்சம். வீட்டில் விசேஷம் என்றால் நானும் கோயம்பேடுதான் போவேன்.

ஆனாலும் பல்லாவரம் என்று முடிவெடுத்தேன். விலையை வைத்தல்ல, எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது என்ற வரிசையை வைத்து.

கோயம்பேட்டில் நள்ளிரவுக்கு மேல் லாரிகள் வந்து இறங்கும். நல்ல சரக்கு வேண்டுமென்றால் விடியலிலேயே போய்விட வேண்டும். நடைபாதைப் புத்தகக் கடைக்காரர் தார்ப்பாயைப் பிரிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ஆக, காலையில் காய்கறியை வாங்கிவிட்டுப் பழைய கடைக்குப் போனால் கையில் பை இழுக்கும். தக்காளியையும் கீரைக்கட்டையும் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து புத்தகம் தேட முடியுமா? மே மாதத்தில் முளைக்கீரை இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. சரி, கடைகளை முதலில் பார்த்துவிட்டு மத்தியானம் கோயம்பேடு போகலாம் என்றால், பொறுக்கிப்போட்ட மிச்சம்தான் இருக்கும். நடுவில் வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வரலாம் என்றால் விடுமுறையே இரண்டு துண்டாகிவிடும். எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஏதாவது ஒன்றை அவசரமாகச் செய்ய வேண்டிவரும். பழைய சாமான் வாங்குவதில் அவசரப்பட்டால் காசுதான் நஷ்டம்.

பல்லாவரத்தில் இந்தச் சிக்கலே இல்லை, எல்லாம் ஒரே சாலையில். காலையில் வெறுங்கையோடு ஒரு நடை போய் என்னென்ன வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். திரும்பி வரும்போது பழைய சாமான். கனமானதை வாங்கிய இடத்திலேயே வைத்துவிட்டு, டீ குடித்து, செடிக்கடைகளில் கொஞ்சம் நின்று, கடைசியாகக் காய்கறி, கீரை, கருவாடு. அப்புறம் சாமானை எடுத்துக்கொண்டால் நடக்கிற தூரத்தில் ரயில் நிலையம். கீரை வாடுவதற்குள் வீடு.

நேரம் கையில் இருப்பது என்ன செய்யும் என்பதற்கு எங்கள் வீட்டு தோசைக்கல்லே சாட்சி. தரையில் விரித்த சாக்கில் துருப்பிடித்த கல் நான்கைந்து கிடந்தன. "தட்டிப் பாத்து எடுங்கக்கா, நல்ல வார்ப்பு" என்றார் கடைக்காரர். வார்ப்புக் கல்லைக் கைப்பிடியில் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சிமெண்ட் திட்டில் வைத்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் அடி வளைந்திருக்கும், மாவு ஒரு பக்கமாக ஓடும். மேலே படிந்த துருவைப் பற்றிக் கவலையில்லை, அது தேய்த்தால் போய்விடும். ஆனால் குழிக்குழியாக அரித்திருந்தால் தொடவே கூடாது. இதையெல்லாம் ஒவ்வொரு கல்லுக்கும் பார்த்து, பேரம் பேசி ஒன்றை எடுத்தேன். வீட்டில் மணல் போட்டுத் தேய்த்து, வடிகஞ்சியில் ஊறவைத்து, எண்ணெய் தடவிச் சூடேற்றி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிய பிறகு தோசை ஒட்டாமல் எழும்புகிறது. காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு இத்தனை பொறுமையாக ஒரு கல்லைத் தட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

பித்தளைப் பாத்திரத்துக்கும் இதே பொறுமை வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்க்கலாம், யாரும் கோபிப்பதில்லை. சமைப்பதற்கு என்றால் ஈயம் பூசும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். மிக்சி ஒன்று வாங்கியிருக்கிறேன், ஓடுகிறது, என் அனுபவம் அவ்வளவுதான். பில் இல்லாத செல்போன் பக்கம் மட்டும் போகாதீர்கள். மழைக்காலத்திலும் பல்லாவரம் சிரமம். சாலையோர வியாபாரம் என்பதால் ஒரு மழைக்குப் பாதிக் கடைகள் சுருட்டிக்கொள்ளும். கோயம்பேட்டுக்கு அந்தத் தொந்தரவு குறைவு.

வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைக்காதவர்கள் நகரச் சுற்றைத்தான் எடுக்க வேண்டும். அப்படிப் போனால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். ஒரு வாரம் விடியலில் கோயம்பேடு போய்ப் இரண்டு வாரத்துக்குத் தாங்கும் வெங்காயம், கிழங்கு, பூசணி என்று வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் வெறும் பையோடு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நிதானமாகப் பழைய கடைகளைப் பாருங்கள். கீரையைத் தெருவில் வரும் கீரைக்கார அம்மாவிடம் வாங்கிக்கொள்ளலாம்.