கையா, கண்ணா, முகமா? விமான நிலையக் குடியுரிமைச் சோதனையில் எது நமக்குச் சரி

அம்மாவின் கை கோரை கிழித்த கை. முசிறிப் பக்கம் பிறந்து, சின்ன வயதிலிருந்தே பாய்க்குக் கோரை கிழித்து, கல்யாணத்துக்கு அப்புறம் நாற்று நடவு, களையெடுப்பு என்று போன கை. கட்டைவிரலில் ரேகை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் குடியுரிமை கவுன்ட்டரில் அதிகாரி ரேகை வைக்கச் சொன்னார். வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தார், மறுபடி சிவப்பு. ரேஷன் கடையில் பழகிய பழக்கத்தில், எண்ணெய்ப் பசைக்காக விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு வைத்தார். அந்த அதிகாரிக்கு அது என்னவென்று புரியவில்லை, முகத்தைச் சுளித்தார். பதினொரு தடவை எண்ணினேன். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேறு வரிசைக்கு நகர்ந்தார்கள். மேலதிகாரி வந்து கையெழுத்துப் போட்டு அனுப்பும்வரை அம்மா என் கையை விடவே இல்லை. "ஏம்ப்பா, எம்மேல ஏதும் தப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எந்த விமான நிலையத்துக்குப் போனாலும் அங்கே என்ன கருவி வைத்திருக்கிறார்கள், யாருக்கு அது வேலை செய்கிறது, யாரைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்ப்பேன். கைரேகை, கருவிழி, முகம், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி: இந்த நான்கில் நம் மாதிரிப் பயணிக்கு எது நல்லது என்பதில் எனக்கு ஒரு முடிவு இருக்கிறது.

கைரேகை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காவல்துறைப் பதிவுகளோடு ஒப்பிட வசதியானது, கருவி மலிவு, பல நாடுகளில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் பதிவுகள் இருக்கின்றன. அமெரிக்கா 2004 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் ரேகை எடுக்கிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கொண்டுவந்த புதிய நுழைவுப் பதிவிலும் முகத்தோடு நான்கு விரல் ரேகை கேட்கிறார்கள்.

ஆனால் உழைத்த கையிலும் வயதான கையிலும் ரேகை விழாது. சிமென்ட் வேலை, சலவை வேலை, பாத்திரம் தேய்ப்பது எல்லாமே ரேகையை அரிக்கும். சிங்கப்பூர் இதை வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டது. தழும்பு, வயது, தோல் வறட்சி ஆகியவற்றால் ரேகை படியாதவர்களுக்கும் வேலை செய்ய வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லித்தான், 2020-இல் தன் சோதனைச் சாவடிகளில் ரேகைக்குப் பதிலாகக் கருவிழியையும் முகத்தையும் முதன்மையாக்கியது.

கருவிழி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கண்தான முகாமில் கருவிழி என்று சொல்வது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தை. ஆதார் மையத்திலும் விமான நிலையத்திலும் கருவிழிப் பதிவு என்பது கண் பாப்பாவைச் சுற்றியிருக்கும் நிற வளையத்தின் படம். கண்ணுக்கு உள்ளே பின்பக்கம் இருக்கும் விழித்திரையை இந்தக் கருவி பார்ப்பதில்லை. லேசர் எதையும் கண்ணுக்குள் விடுவதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை மெல்ல அடித்து ஒரு படம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அகச்சிவப்பில் நமக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நம்முடைய கரும்பழுப்புக் கண்ணைச் சாதாரண வெளிச்சத்தில் படம் எடுத்தால் ஒரே இருட்டாகத்தான் தெரியும், நிறமி வெளிச்சத்தை உறிஞ்சிவிடும். அகச்சிவப்பில் அந்த நிறமி விலகிக்கொள்வதுபோல ஆகி, உள்ளே இருக்கும் நார், குழி, மடிப்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். நீலக் கண், கறுப்புக் கண் என்ற பேதம் இங்கே பெரிதாக எடுபடாது.

அந்தக் கோலத்தை 2,048 பிட் குறியீடாக, அதாவது பூஜ்யமும் ஒன்றுமாக 2,048 இலக்கங்களாக மாற்றும் முறையைக் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1994-இல். ஒருவருடைய இடது கண்ணும் வலது கண்ணுமே ஒத்துப்போகாது, ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களின் கண்ணும் ஒத்துப்போகாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் எல்லைகளில் எடுத்த 6,32,500 கருவிழிப் பதிவுகளை டாக்மன் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். மொத்தம் 20,000 கோடி ஒப்பீடுகள், 152 நாட்டவர்கள். பொருத்தத்துக்கான எல்லையைக் கறாராக வைத்தபோது ஒருவரை இன்னொருவர் என்று எண்ணிய தவறு ஒன்றுகூட வரவில்லை. பெரிய கூட்டத்துக்குள் ஒரே ஒரு ஆளைத் தேட இதைவிடப் பலமான அடையாளம் கிடையாது.

அமீரகம் இதை வைத்த நோக்கம் வேறு. நாடு கடத்தப்பட்ட தொழிலாளி ஊருக்குப் போய் வேறு பெயரில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் பிடிக்க வேண்டும் என்பதற்காக 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்கள் பலர் கருவிழிக் கருவியை முதன்முதலில் பார்த்ததே அங்கேதான். கொஞ்ச நாளில் சிலர் கண் பாப்பாவை விரியவைக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பாப்பா விரிந்தால் வளையம் ஒடுங்கி, குறியீடு பழையதோடு பொருந்தாமல் போகும். அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்து, பாப்பாவின் அளவையும் சேர்த்துப் பார்க்கும்படி மாற்றினார்கள். கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்ட மறுநாளே பறக்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அட்ரோபினாக இருந்தால் விரிவு அடங்க ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம், மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சரி, இவ்வளவு பலமான முறை பிரிட்டனில் ஏன் தோற்றது? ஹீத்ரோ, கேட்விக், மான்செஸ்டர், பர்மிங்காம் விமான நிலையங்களில் கருவிழிக் கூண்டுகள் வைத்தார்கள். முன்பே பதிந்துகொண்டவர் உள்ளே போய் ஒரு கண்ணாடியைப் பார்த்து நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னால் வா, கொஞ்சம் பின்னால் போ என்று குரல் சொல்லும். கேமரா ஓர் இடத்தில் நின்றது, ஆள்தான் அசைந்து அசைந்து கண்ணைக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டியிருந்தது. பலருக்கு அது ஒத்துவரவில்லை. உள்ளே நேரம் கழித்துவிட்டு, அடையாளம் தெரியாமல் வெளியே வந்து, சாதாரண வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். 90 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவான அந்தத் திட்டத்தில் 2012-இல் மான்செஸ்டர், பர்மிங்காம் கூண்டுகளை மூடினார்கள், 2013-இல் மொத்தமாகவே முடித்துவிட்டார்கள். கண்ணின் கோலத்தில் ஒரு குறையும் இல்லை. பயணப் பையோடு களைத்து வந்த மனுசனைக் கேமராவுக்குத் தகுந்தபடி நிற்கச் சொன்னதுதான் கெடுத்தது.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அங்கே கேமராதான் ஆளைத் தேடுகிறது. போன முறை தங்கை வீட்டுக்குப் போனபோது அம்மா தானியங்கி வழியில் போனார். பாஸ்போர்ட்டை வைத்ததும் முதல் தடுப்பு திறந்தது. உள்ளே போய்க் கண்ணாடியைக் கழட்டினார், கழட்டியதும் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாமல் நின்றார். புரை நீக்கிய கண், அதிலும் இடது இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். வெளியே நின்ற பணிப்பெண் தமிழில், "அம்மா, நேரா பாருங்க, அந்தப் பச்சை வெளிச்சத்த" என்றார். நிமிர்ந்தார், திறந்தது. விரலைத் தலையில் தேய்க்க வேண்டிய வேலை வரவே இல்லை. மறுபக்கம் போய் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இதிலும் ஆகாதவர்கள் உண்டு. கண் நடுங்குபவர்கள், இமை திறக்க முடியாதவர்கள், பார்வையில்லாதவர்கள், கோலம் போட்ட வண்ண லென்ஸ் அணிந்தவர்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு சிலருக்கு மறுபடி பதிய வேண்டி வரலாம். மறுபக்கம், முகத்திரை போடும் பெண்களுக்குக் கண்ணை மட்டும் காட்டினால் போதும் என்பது இந்த முறையின் பெரிய மரியாதை.

முகம்

கருவிழி தோற்ற அதே பிரிட்டனில், 2008-இல் மான்செஸ்டரில் சோதனையாக ஆரம்பித்த முக அடையாளக் கதவுகள் இன்று 270-க்கு மேல் இருக்கின்றன. காரணம் எளிது. முன்பதிவு வேண்டாம், பாஸ்போர்ட்டில் இருக்கும் மின்னணுச் சில்லில் (சிப்) உங்கள் படம் ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு மின்னணுப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டாயமாக்கியது முகத்தை மட்டும்தான். ரேகையும் கருவிழியும் விருப்பப்பட்ட நாடுகள் சேர்த்துக்கொள்ளலாம். உலகம் முகத்தின் பக்கம் சாய்ந்ததற்கு அந்த ஒரு முடிவே பாதிக் காரணம்.

சௌகரியம் என்று பார்த்தால் முகத்தை அடிக்க ஆளில்லை. நடந்துகொண்டே போகலாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டிருப்பவருக்கும் சுலபம். துல்லியத்தில்தான் எனக்குத் தயக்கம். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களை வேறொருவர் முகமாக எடுத்துக்கொள்ளும் தவறு வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக இருந்தது தெரியவந்தது. அதே ஆய்வில் நல்ல மென்பொருள்களில் இந்த வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த நாடு எந்த மென்பொருளை வாங்கியிருக்கிறது என்பது வரிசையில் நிற்கும் நமக்குத் தெரியாதே, அதுதான் என் கவலை.

இரட்டையர்களை முகம் குழப்பும். படத்தையும் ஏமாற்றலாம். 2018-இல் ஜெர்மனியில் ஒரு செயல்பாட்டுக் குழு இரண்டு பேரின் முகத்தைக் கலந்து செய்த படத்தைக் கொடுத்து நிஜமான பாஸ்போர்ட்டே வாங்கிக் காட்டியது. கண்ணையும் ஏமாற்றியிருக்கிறார்கள், 2017-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்8 போனின் கருவிழிப் பூட்டை அச்சிட்ட படமும் ஒரு கான்டாக்ட் லென்ஸும் வைத்துத் திறந்து காட்டினார்கள். ஆனால் போன் வேறு. பணியாளர் பார்த்துக்கொண்டிருக்கும் சோதனை வழியில் கண் முன்னால் அச்சுப் படத்தைப் பிடிப்பது நடக்காத காரியம்.

இன்னொன்று, பிரிட்டனின் அந்தக் கதவுகள் நமக்குத் திறக்காது. பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் போன்றவற்றுக்குத்தான் திறக்கும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அதிகாரியின் வரிசைக்குத்தான் போக வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அந்தக் கருவியின் வேகம் வெறும் வேடிக்கை பார்க்கத்தான்.

அதிகாரி

அவருக்கு மாற்று இல்லை என்பதை 2024 மே 7-ஆம் தேதி பிரிட்டனே பார்த்தது. நாடு முழுக்க முகக் கதவுகள் மணிக்கணக்கில் படுத்துவிட்டன, எல்லாரையும் கவுன்ட்டரில் மனிதர்கள்தான் அனுப்பிவைத்தார்கள். மனிதர் மெதுவாகத்தான் செய்வார், களைப்பார், சில நேரம் எரிந்து விழுவார். ஆனால் என் அம்மாவை அன்று உள்ளே விட்டதும் ஒரு மனிதருடைய கையெழுத்துதான்.

பதிவு எங்கே இருக்கிறது

கண்ணா முகமா என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் 2001-இல் பிரிவியம் என்ற கட்டணத் திட்டத்தில் கருவிழியைக் கொண்டுவந்தது. பதிவு பயணியின் கையில் இருக்கும் அட்டையிலேயே இருக்கும், கருவி அட்டையையும் கண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பிரிட்டனின் கூண்டில் அட்டை எதுவும் வேண்டாம், எல்லார் கண்ணும் மையக் கணினியில் இருந்தது. சிங்கப்பூரும் மையத்தில்தான் வைத்திருக்கிறது, அதனால்தான் 2024-இலிருந்து அந்த நாட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டை எடுக்காமலே 10 விநாடியில் சாங்கியைக் கடக்க முடிகிறது. முன்பு 25 விநாடி ஆனது.

மையத்தில் வைத்தால் ஒரு நாள் திருட்டுப் போகலாம். 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகை போனது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், கண்ணை மாற்ற முடியாது. அந்தப் பதினைந்து விநாடிக்காக என் கண்ணை இன்னொரு நாட்டின் கணினியில் ஆயுசுக்கும் விட்டுவைக்க எனக்கு விருப்பமில்லை. எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கும் நாடாக இருந்தால் யோசிப்பேன்.

என் முடிவு

வழக்கமான பயணிக்கு, பதிவு தன் பாஸ்போர்ட் சில்லிலேயே இருக்கும் முக அடையாளம் போதும், அதுதான் நம்மிடமிருந்து குறைவான தகவலைப் பிடுங்குகிறது. முகம் பொருந்தாவிட்டால் அடுத்து ரேகைக்குப் போகாமல் கருவிழிக்குப் போக வேண்டும், உழைத்தவர்களும் முதியவர்களும் அவமானப்படாமல் இருக்க அதுதான் வழி. இரண்டும் ஆகாதவருக்கு, வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்லாமல் பக்கத்திலேயே ஓர் அதிகாரி. இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும் இடத்துக்கு இன்று மிக அருகில் நிற்பது சாங்கிதான், மையக் கணினி என்ற என் குறையோடு.

நம் நாட்டில் என்ன நிலைமை? 2024 ஜூனில் டெல்லியில் ஆரம்பித்து, 2025-இல் சென்னைக்கும் அப்புறம் திருச்சிக்கும் வந்திருக்கும் நம்பிக்கைக்குரிய பயணி திட்டத்தில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பதிந்துகொண்டால் தானியங்கிக் கதவில் போகலாம். அதற்கு எடுப்பது முகமும் கைரேகையும். ஆதாரில் நூறு கோடிக்கு மேல் மக்களின் இரண்டு கருவிழியையும் பதிந்து வைத்திருக்கும் நாடு, எல்லையில் ரேகை கேட்கிறது. எங்கள் ஊர் ரேஷன் கடையில் அம்மாவுக்கு ரேகை விழாததால் இப்போது கண்ணைத்தான் பார்த்து அரிசி போடுகிறார்கள்.

எனக்கு அந்தத் திட்டத்தில் பதிந்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, ரேகை எடுக்கும் மேசையில் அவரை மறுபடி நிறுத்த மனசு வரவில்லை. அடுத்த மாதம் தங்கை வீட்டுக்குப் போகிறார். திருச்சியில் வழக்கமான வரிசைதான், சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நானும் அவர் கூடவே அந்த வரிசையில் நிற்பேன்.