கல்லூரி ஃபீஸ் கவுண்டர்: முதல் வருஷமும் கடைசி வருஷமும்

கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். 2021 முதல் 2025 வரை என் தம்பி அங்கே மெக்கானிக்கல் படித்தான். படித்தது அவன், ஃபீஸ் கட்டியது, லோனுக்கு அலைந்தது, ரசீதுகளைச் சேர்த்து வைத்தது எல்லாம் நான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. லேப், பிளேஸ்மென்ட் பற்றியெல்லாம் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கல்லூரியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்களைப் போன்ற வீட்டுக்குக் கல்லூரி என்றாலே அந்த ஜன்னல்தான்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் போனதில்லை. நானும் பிளஸ் டூவோடு சரி. அதனால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முதல் தலைமுறை பட்டதாரி சான்றிதழ் வாங்கினோம். கலந்தாய்வு வழியாகச் சேர்கிற பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் இருந்தால் டியூஷன் ஃபீஸில் வருஷம் 25,000 ரூபாய் கழியும். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் முழு ஃபீஸையும் அரசே கட்டியிருக்கும். தம்பி படித்ததோ அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அதில் இடமில்லை. மீதிப் பணத்துக்கு லோன்தான். கல்விக் கடனுக்கான வித்யா லட்சுமி தளத்தில் அப்போது ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம் என்று இருந்தது. அனுப்பினோம், ஒரு வங்கியில் கூப்பிட்டார்கள். 4 லட்சத்துக்கு உட்பட்ட கடன் என்பதால் அடமானம் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு தாள்தான்: எந்த வருஷம் எதற்கு எவ்வளவு என்று நான்கு வருஷக் கணக்கும் கல்லூரி லெட்டர்பேடில், சீலும் கையெழுத்துமாக.

அந்தத் தாளுக்காக மூன்று தடவை போனேன். போன ஒவ்வொரு நாளும் ஒரு ஷிப்ட் சம்பளம் போச்சு. ஜன்னல் நெஞ்சு உயரத்தில் இருக்கும். குனிந்து, கண்ணாடியில் இருக்கிற அரைவட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினால்தான் உள்ளே கேட்கும். முதல் நாள், பிரின்சிபால் லீவு. இரண்டாவது தடவை கொடுத்த தாளில் முதல் வருஷக் கணக்கு மட்டும் இருந்தது. மூன்றாவது தடவை நான்கு வருஷமும் இருந்தது, ஆனால் வருஷத்துக்கு வருஷம் "இதர கட்டணம் 38,000" என்று ஒரே வரி. "இது எதுக்குங்க?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றார் உள்ளே இருந்தவர். வங்கி மேனேஜர் அந்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். கடனைக் கொடுத்துவிட்டார், ஆனால் அந்த 38,000 இல்லாமல். பென்சில் குறியோடு அந்தத் தாளின் ஜெராக்ஸ் இன்றைக்கும் என் ஃபைலில் இருக்கிறது.

லோன் பணம் வங்கியிலிருந்து நேராகக் கல்லூரிக்குத்தான் போகும். நம் கைக்கு வராது. அது வந்து சேரும் வரைக்கும் தினம் 50 ரூபாய் அபராதம் போட்டார்கள். அபராதம்கூடப் பரவாயில்லை. செமஸ்டருக்கு முன்னால் வகுப்பில் வந்து, பாக்கி வைத்திருக்கிற பையன்களின் பெயரை எல்லோர் முன்னாலும் வாசித்து, ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தம்பி என்னிடம் அதைச் சொல்லவில்லை. அன்று ராத்திரி போனில், "அக்கா, நானும் உன்கூடக் கம்பெனிக்கே வந்துடட்டுமா?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் தோட்டை அடகு வைத்து மொத்தத்தையும் கட்டினேன். பத்து நாள் கழித்து வங்கிப் பணமும் வந்தது. இரட்டையாகப் போன தொகையைத் திரும்ப வாங்க ஐந்து மாசம் ஆனது. அந்த ஐந்து மாசமும் அடகுக் கடைக்கு வட்டி கட்டினேன். முதல் வருஷத்துக்கு ஐந்துக்கு ஒரு மார்க் கொடுப்பதே அதிகம்.

2023-இல் மூன்றாம் வருஷ ஃபீஸ் கட்டப் போனபோது அந்த ஜன்னல் இல்லை. சுவரை எடுத்துவிட்டு ஒரு மேசையும் எதிரே இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். புதிதாக வந்திருந்த மேடம், "வாங்க கண்ணு, உக்காருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். முன்பக்கம் ஃபீஸ், ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக. பின்பக்கம் எந்தச் சலுகைக்கு எந்தச் சான்றிதழ், எங்கே வாங்குவது என்ற விவரம். 38,000 இப்போது ஏழு வரியாகப் பிரிந்திருந்தது. அதில் ஒரு வரி, "திறன் பயிற்சி 9,000, விரும்பினால்". விரும்பினால்! இரண்டு வருஷமாக அதையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறோம். தம்பியிடம் கேட்டேன், வேண்டாம் என்றான். மேடம் ஸ்கேல் வைத்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

லோன் இருக்கிற பிள்ளைகள் வங்கியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் அதற்கப்புறம் அபராதம் இல்லை. பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பாக்கி இருந்தால் தமிழில் ஒரு மெசேஜ் எனக்கு மட்டும் வரும். லோனுக்கு வெளியே இருக்கிற ஃபீஸை மூன்று தவணையாகக் கட்டலாம், தேதியை நாமே சொல்லலாம். இது பெரிய விஷயம். எங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். பழைய கெடு எப்போதும் வெள்ளிக்கிழமைதான், ஒரு நாளுக்காகக் கைமாற்று வாங்கிக் கட்டுவேன். அடுத்த இரண்டு வருஷமும் ஒரு தவணையைத் தீபாவளி போனஸுக்கு அடுத்த வாரம் வைத்துக்கொண்டேன். யாரிடமும் கை நீட்டவில்லை. மாசத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஆபீஸ் திறந்திருந்ததால் ஷிப்டும் போகவில்லை.

2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்ததும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு என்று அவர்களாகவே தம்பியைக் கூப்பிட்டு விண்ணப்பம் போடவைத்தார்கள். மாசம் 1,000 ரூபாய். பஸ்ஸுக்கும் புராஜெக்ட்டுக்கும் ஆனது.

இனிமேல் குறை. கடைசி வருஷம் பிப்ரவரியில், லோன் வாங்கிய வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும், அதுவரைக்கும் உள்ள வட்டியை, குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசு மானியமாகத் தரும் என்று விளக்கினார்கள். 2009-லிருந்தே அந்தத் திட்டம் இருக்கிறதாம். எனக்கு அன்றுதான் தெரியும். வங்கியில் போய்க் கேட்டால், எங்கள் கடனுக்கு அந்த மானியத்தை யாருமே கேட்டு அனுப்பவில்லை. மேடம் கடிதம் கொடுத்து, நான் வருமானச் சான்றிதழ் கொண்டுபோய், கடைசி வருஷத்துக்கு மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வட்டி எங்கள் தலையில். இவ்வளவு நல்ல கூட்டத்தை முதல் வருஷம் முதல் மாசமே நடத்துங்கள் என்று அங்கேயே எழுந்து நின்று சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

தம்பியின் நண்பனுக்கு ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அந்தப் பணம் இப்போது மாணவனின் கணக்குக்கே நேராக வருகிறது, ஆனால் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அவனுடையது இணையவில்லை என்பது பணம் வராமல் போனபிறகுதான் தெரிந்தது. சேர்க்கையின்போதே எல்லாப் பிள்ளைகளின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டால் முடிந்தது. அந்த வேலையை எந்த மேசையும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. போன் செய்தாலும் எடுக்க ஆளில்லை.

கடைசி வருஷத்துக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். சேரும்போது கட்டிய காப்புத் தொகை 5,000 ரூபாய் இன்னும் வரவில்லை. டிசி வாங்கிய அன்றே எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்த இரண்டாவது ஞாயிறு ரசீதோடு போகிறேன்.