இரண்டும் தொண்டைப் புற்றுதான், ஆனால் ஒன்றல்ல

ஈரோட்டில் மாமனுக்குத் தொண்டைப் புற்று என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "எத்தனையாவது ஸ்டேஜுங்க?" என்றுதான் கேட்டார்கள், எச்பிவி வைரஸால் வந்ததா, பீடி புகையிலையால் வந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. புகையிலைக் கட்டியில் செல்லுக்குக் காவலாக நிற்கும் டிபி53 மரபணுவே பெரும்பாலும் சிதைந்திருக்கும், சிகிச்சைக்கு லேசில் அடங்காது. வைரஸ் கட்டியில் அந்த மரபணு பெரும்பாலும் சிதையாமல் இருக்கும், ஆனால் அது உண்டாக்கும் காவல் புரதத்தை வைரஸின் இ6 புரதம் அழித்துவிடும். இருந்தாலும் இந்த வைரஸ் கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாகவே கரைகிறது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 3 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வைரஸ் வகையில் சுமார் 82 சதவீதம், மற்றதில் 57. அதற்காக மெத்தனம் வேண்டாம், வைரஸ் வகைக்காரர் நெடுநாள் புகைபிடித்தவராக இருந்தால் அந்த அனுகூலம் குறைகிறது. அப்புறம், வைரஸ் வகையா என்று கண்டறிய உதவும் பி16 சோதனையை பயாப்சி துண்டிலேயே செய்யலாம், டாக்டரிடம் கேளுங்க.