கனமான உடம்புக்கு எந்த சீட் போஸ்ட்? இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்த பிறகு

என் எடை 110 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, உயரம் ஆறடி. செங்கோட்டையில் கிளம்பி, புளியரை தாண்டி மலையேறி ஆரியங்காவு போய்த் திரும்புவதுதான் வழக்கமான ஓட்டம். சைக்கிளோடு வந்த 300 மி.மீ. சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய்) ஒரு வருஷத்துக்குள் பின்பக்கமாக வளைந்துவிட்டது. பார்வைக்குத் தெரியாது. கழற்றிக் கண்ணாடி மேஜையில் உருட்டினால் ஆடிக்கொண்டே போகும்.

வளைந்தது சரியாக, போஸ்டை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேம் கிளாம்ப்பின் மேல் விளிம்பில். ஆளின் பாரம் முழுக்க அங்கேதான் மடிக்கப் பார்க்கும். போஸ்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு வரை உள்ளே போனால் போதும் என்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது போதாது. ஃபிரேமின் மேல்குழாய் வந்து சேரும் இடத்தையும் தாண்டிப் போஸ்டின் அடி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட் தப்பித்தாலும் ஃபிரேம் விரியும். அதனால் 400 மி.மீ. நீளத்தில் வாங்கினேன். என்னைக் கேட்டால் பிராண்டை விட இதுதான் முக்கியம்.

அப்புறம் விட்டம். பழைய போஸ்டின் அடியில் 27.2 (மி.மீ.) என்று அடித்திருந்தது. கடையில் இருந்ததோ 27.0. “அண்ணாச்சி, கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டிச் சுத்திச் சொருகுனா ஆடாது” என்றார் கடைக்காரர். ஆடாதுதான், ஒல்லியான பையனுக்கு! 0.2 மி.மீ. இடைவெளியே போஸ்ட் மெல்ல இறங்கப் போதும். சரியான அளவுக்காகக் காத்திருந்து, வந்ததும் பட்டறையில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

சீட்டைப் பிடிக்கும் தலைப்பகுதியில் இரண்டு போல்ட் உள்ளதையே எடுங்கள். ஒற்றை போல்ட் வகையில் சீட்டின் சாய்வை நிறுத்திவைக்கும் பல்வரிசை தேய்ந்துவிட்டால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீட்டின் மூக்கு தூக்கிக்கொள்ளும். இரட்டை போல்டில் அந்தத் தொல்லை எனக்கு இதுவரை இல்லை. முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னோக்கி வளைந்த தலையும் வேண்டாம், நெம்பு அதிகம். நேரான தலை மாட்டியதில் சீட் முன்னால் வந்துவிட்டது; சீட்டுக்கு அடியிலுள்ள கம்பியில் பின்னுக்குத் தள்ளிச் சரிக்கட்டினேன்.

அலுமினியக் கலவைகளில் 7075 ரகம் 6061-ஐ விட வலுவானது, உண்மை. ஆனால் மெல்லிய 7075-ஐ விடத் தடித்த 6061-ஐயே நான் நம்புவேன், என்னுடையதும் அதுதான். கார்பன் என்றால் எடை வரம்பு எவ்வளவு என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் வைத்த போஸ்டை நண்பர் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன்: ஏறியவுடனேயே அடிமட்டம். நம் எடைக்கேற்ற கெட்டி ஸ்பிரிங் தனியாகக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

குறை? தடித்த போஸ்ட் என்பதால் குலுக்கல் அப்படியே முதுகுக்கு ஏறுகிறது. டயரை அகலமாக்கிய பிறகு பரவாயில்லை.

எங்கள் ஊர்ச் சாரலில் பின்சக்கரம் அடிக்கும் சேற்றுநீர் கிளாம்ப் பிளவு வழியாக உள்ளே இறங்கி, மணலும் சேர்ந்து கிரீச்சென்று கத்தும். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தை மூடிவிட்டேன். சீசன் முடிந்ததும் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் தடவுகிறேன். விட்டுவிட்டால் அலுமினியப் போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுத்தியல்தான். உயரத்தைக் குறிக்கப் போஸ்டைச் சுற்றி ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப் இன்னும் கிளாம்ப்பைத் தொட்டபடியே நிற்கிறது, இறங்கவில்லை.

இப்போது தொய்ய ஆரம்பித்திருப்பது சீட்டுக்கு அடியிலுள்ள கம்பி. அடுத்த செலவு அதற்கு.