மாஸ்டர் சிலிண்டர் போனால் கிட்டா, புது அசெம்பிளியா?

டிஸ்க் பிரேக் உள்ள பைக்கில் சிக்னலில் நிற்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தபடியே இருந்து பாருங்கள். லிவர் மெல்ல மெல்ல ஹேண்டில்பார் வரைக்கும் இறங்குகிறதா? வெளியே எங்கும் ஆயில் கசியவில்லை, ஏர் எடுத்தும் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) சரியாகவில்லை என்றால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள், அதாவது லிவரை ஒட்டி ஆயிலை அழுத்தும் பாகத்துக்குள், பிஸ்டனில் இருக்கும் முதல் ரப்பர் கப் தேய்ந்திருக்கும். அழுத்தம் ஏறவேண்டிய ஆயில் அந்த ரப்பரைத் தாண்டிப் பின்னால் வந்துவிடுகிறது. லிவரின் அடியில் ஈரம் தெரிந்தால் இரண்டாவது கப்பும் போயிருக்கிறது.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை இரண்டு. ரிப்பேர் கிட் வாங்கி உள்பாகத்தை மட்டும் மாற்றலாம், அல்லது முழு அசெம்பிளியையே மாற்றலாம். கிட்டின் விலை அசெம்பிளியில் சிறு பங்குதான். ஆனால் எதை வாங்குவது என்பதை விலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, சிலிண்டரின் உள்சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்பேன். அதனால் முதலில் கழற்றுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

ஆயிலை வடித்துவிட்டு, தூசி ரப்பரை எடுத்தால் உள்ளே ஒரு சர்க்லிப் (பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் வளையம்) தெரியும். அதற்கென்று உள்பக்க சர்க்லிப் பிளையர் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் சுவரில் கீறல் விழும், நல்ல சிலிண்டரே வீணாகிவிடும். பிஸ்டனும் ஸ்ப்ரிங்கும் வெளியே வந்ததும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் பளபளவென்று இருந்தால் கிட் போதும். கருப்புப் புள்ளிகளாக அரிப்போ, நகத்தில் தட்டுப்படும் கோடோ இருந்தால் கிட் வாங்குவது வீண் செலவு. புது கப்பும் அந்தப் பள்ளத்தின் வழியாக ஆயிலை விட்டுக்கொண்டுதான் இருக்கும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பல அலுமினிய சிலிண்டர்களில் உள்சுவருக்கு மேல் மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். அது போனால் கப் சீக்கிரமே தேயும்.

கிட் வேலையில் பிழைக்கு இடம் அதிகம். கப்பின் விரிந்த உதடு ஆயில் அழுத்தம் வரும் பக்கம், அதாவது உள்நோக்கி இருக்கவேண்டும். புது பிரேக் ஆயிலைத் தடவித்தான் உள்ளே தள்ளவேண்டும். கிரீஸ், எஞ்சின் ஆயில், பெட்ரோல் எதுவும் இந்த ரப்பரில் படவே கூடாது. முதல் முறை செய்தபோது கிட் வாங்காமல், பழைய கப்பையே பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவி மாட்டினேன். ரப்பர் ஊதிப்போய், ஆயில் தொட்டியின் அடியில் இருக்கும் ஊசிமுனை அளவுத் துளையை மூடிக்கொண்டது. ஆயில் திரும்ப வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நின்றது, டிஸ்க் தொடமுடியாத அளவுக்குச் சுட்டது. அந்தத் துளை அழுக்கால் அடைத்தாலும் இதேதான் நடக்கும். மெல்லிய ஒற்றைக் கம்பியை விட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அசெம்பிளியில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கிளாம்ப் போல்ட் இரண்டு, ஓஸ் போல்ட் (பிரேக் குழாயை இணைப்பது) ஒன்று, பிரேக் லைட் ஸ்விட்ச், லிவர், அவ்வளவுதான். ஆனால் வண்டிக்கு உரியதுதானா என்று பார்க்கவேண்டும். பிஸ்டன் விட்டத்தில் சிறு வித்தியாசமும் பெரிதாக வேலை காட்டும். 12.7 மி.மீ. இருந்த இடத்தில் 14 மி.மீ. போட்டால் பிஸ்டன் பரப்பு 21 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. லிவர் கட்டியாக, நன்றாகப் பிடிப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அதே விரல் பலத்துக்கு ஆயில் அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். அதனால்தான் பார்க்க ஒன்றுபோல இருக்கும் பெயர் தெரியாத அசெம்பிளியைவிட, சுவர் நன்றாக இருக்கும் பழைய ஒரிஜினலில் நல்ல கிட் போடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எதைச் செய்தாலும் ஓஸ் போல்ட்டின் இரண்டு வாஷர்களும் புதிதாக இருக்கட்டும். தொட்டி மூடியில் டாட் 4 (பிரேக் ஆயில் வகை) என்று இருந்தால் அதையே, சீல் உடைக்காத பாட்டிலில் வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155தான். சிலிகான் வகை டாட் 5 வேறு சரக்கு, இதோடு கலக்கக் கூடாது. டேங்கில் சிந்தினால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

ஏபிஎஸ் வண்டி என்றால் ஒரு வார்த்தை. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் சில மாடல்களில் ஒர்க்ஷாப் கணினியை இணைத்துத்தான் வெளியேற்றமுடியும். அந்த வசதி இல்லாதவர்கள் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள். சிலிண்டர் சுவரை மட்டும் உங்கள் கண்ணால் பார்க்கக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் லிவரை இழுத்து ஹேண்டில்பாரோடு ரப்பர் பேண்ட் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுவேன். மிச்சமிருக்கும் சிறு குமிழிகள் மேலே ஏறிவர அது உதவும். காலையில் ஒரு நிமிடம் பலமாகப் பிடித்துப் பார்க்கவேண்டும், லிவர் இறங்கக் கூடாது. விட்டதும் முன்சக்கரம் கையால் தள்ளினால் தடையில்லாமல் சுற்றவேண்டும். இரண்டும் சரி என்றால் தெருவுக்குள் நடக்கிற வேகத்தில் ஓட்டி நாலைந்து தடவை பிடித்துப் பார்த்த பிறகே மெயின் ரோட்டுக்கு எடுப்பேன்.