டாட்டூ அழிக்கும் லேசர் கிளினிக்: ராணுவத்துக்குத் தயாராகும் தம்பிகளுக்காக ஒரு ரிவ்யூ

அக்கா மகனை அழைத்துக்கொண்டு திருச்சியில் ஒரு லேசர் கிளினிக்குக்குச் சில மாதங்களாகப் போய் வருகிறேன். அவனுடைய வலது கையில் தோளுக்குக் கொஞ்சம் கீழே இறக்கை வைத்த கத்தி டாட்டூ ஒன்று இருக்கிறது. ராணுவத்தின் பாராசூட் சிறப்புப் படையான பாரா எஸ்.எஃப். கமாண்டோக்களின் ‘பலிதான்’ சின்னம். 2019 உலகக் கோப்பையில் தோனியின் கிளவுஸில் இருந்து, ஐசிசி எடுக்கச் சொன்னதே, அதுதான். ப்ளஸ் டூ முடித்த கையோடு குத்திக்கொண்டு வந்துவிட்டான். நான்கு வருட ராணுவ வேலையான அக்னிவீர் ஆக வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்து 1.6 கிலோமீட்டர் ஓடுகிற பையன், புல் அப்ஸ் பத்தும் சுத்தமாக எடுப்பான். ஆனால் அந்த இடத்தில் டாட்டூ இருந்தால் ராணுவத்தில் எடுக்க மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

முதலில் கிளினிக். டாக்டரம்மா நேர்மையானவர். முதல் நாளே, “தம்பி, முழுசா போயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், நம்ம கலர் தோல்ல அந்த இடம் வெளுத்துத் தழும்பு மாதிரி நிக்கலாம்” என்று சொல்லிவிட்டார். லேசர் மையைச் சுரண்டி எடுப்பதில்லை, பொடிப்பொடியாக உடைக்கிறது, அந்தப் பொடியை உடம்புதான் மெல்ல மெல்ல வெளியேற்ற வேண்டும், அதனால் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி. அவசரம் என்று கெஞ்சினாலும் நடக்காது. கறுப்பு மை சீக்கிரம் மங்குகிறது. ஓரத்தில் அழகுக்காகப் போட்ட சிவப்பு ஷேடிங்தான் பாடாய்ப் படுத்துகிறது, ஏனென்றால் அதற்கான 532 நானோமீட்டர் கதிர் தோலின் இயற்கை நிறத்தையும் சேர்த்துத் தாக்குமாம், குறைந்த பவரில் நிதானமாகத்தான் போகிறார். மரத்துப்போகும் க்ரீம் தடவியும் ஒவ்வொரு அடிக்கும் பையன் பல்லைக் கடிக்கிறான், ‘சட் சட்’ என்ற சத்தத்தோடு முடி கருகும் வாடை வரும், பட்ட இடம் உடனே சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்து, கொஞ்ச நேரத்தில் சிவந்து வீங்கும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. கிரவுண்டிலேயே கிடக்கிற பையனுக்கு இது லேசான விஷயமில்லை, இப்போது முழுக்கை சட்டையோடு ஓடுகிறான்.

குறை என்றால், ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர்கள் ‘பேக்கேஜ்’ எடுக்கச் சொல்லி விடாமல் நச்சரிப்பது. எடுக்காதீர்கள், ஒவ்வொரு சிட்டிங்காகவே பணம் கட்டுங்கள். அந்த ஒரு சிட்டிங்கின் விலையே டாட்டூ போடக் கொடுத்ததைவிட அதிகம். கிளினிக்குக்கு 5க்கு 4.

டாட்டூ போட்ட கடைக்கு 5க்கு 2. வேலையில் குற்றம் சொல்ல முடியாது, கோடு அத்தனை சுத்தம், ஊசியைக்கூட அவன் கண்முன்னே புதுப் பாக்கெட்டிலிருந்துதான் பிரித்தார்களாம். ஆனால் மீசை அரும்புகிற பையன் வந்து ராணுவச் சின்னம் கேட்கிறான், “ஆர்மிக்கு ட்ரை பண்றியா தம்பி?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான். தினமும் ஊசி பிடிக்கிறவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டும்.

விதி இதுதான். ராணுவத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உள்பக்கம், அப்புறம் புறங்கை, இந்த இடங்களில் மட்டும் நிரந்தர டாட்டூ இருக்கலாம். பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதப் படைகளில் இன்னும் கறார்: சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் கூடாது, இடது கையிலும் அந்தப் பாகத்தில் கால்வாசிக்குள் அடங்க வேண்டும். படைக்குப் படை வித்தியாசம் இருப்பதால் அந்தந்த அறிவிப்பை எடுத்துப் படித்துவிட்டுத்தான் கடை வாசலை மிதிக்க வேண்டும்.

இடம் சரியாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பலிதான் சின்னம் கடுமையான தேர்வைத் தாண்டியவர்கள் மட்டும் அணிவது. எங்கள் தெருவில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஐயா ஒருவர் இருக்கிறார், நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்துத்தான் அந்த யானைச் சின்னம் தன் தொப்பிக்கு வந்தது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பதினேழரை வயதில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்றே தெரியாது, அக்னிவீராகச் சேர்ந்தாலும் நான்கு வருடம் கழித்து அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். சேருங்கள், உழைத்து அந்தச் சின்னத்தைச் சம்பாதியுங்கள், அது உங்களுடையதாகட்டும், அதற்கப்புறமும் ஆசை இருந்தால் விதி அனுமதிக்கிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் ஆள்சேர்ப்பு ரேலி தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், சிட்டிங் இடைவெளியைக் கணக்குப் போட்டால் ஒரு வருடம் சாதாரணமாக ஓடிவிடும். டாக்டர் தோல் மருத்துவம் படித்தவர்தானா என்று கேளுங்கள், பார்லரில் குறைந்த விலைக்கு எடுக்கிறோம் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மங்குகிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும்.