பஞ்சாலைக்கு வாங்கிய லாக்அவுட் பூட்டுத் தொகுப்பு

இயந்திரத்தைப் பழுதுபார்க்கும்போது வேறு எவரும் சுவிட்சைப் போட்டுவிடாமல் தடுக்கும் லாக்அவுட் பூட்டுத் தொகுப்பு ஒன்றைத் திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக் கடையொன்றில் எங்கள் பஞ்சாலைக்காக வாங்கினோம். இதில் சுவிட்சோடு பிணைக்கும் கொக்கியில் 6 பூட்டுகள் வரை மாட்டலாம். வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் தம் பூட்டை மாட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதால், கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் திறக்கும் வரை சுவிட்சைப் போட முடியாது. பூட்டின் உடல் நைலான் என்பதால் மின்சாரம் கடத்தாது, கைக்கும் கனமில்லை.

குறை, பூட்டுடன் தொங்கவிடும் பெயர் அட்டையில்தான். எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாகியுள்ளது. எண்ணெய்க் கை பட்டால், எழுதிய பெயரும் அழிந்துவிடுகிறது.

எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் மாஸ்டர் சாவியைக் கடைக்காரர் பெரிய வசதியாகக் காட்டினார். அது மேஸ்திரியின் பையில் கிடந்தால் பூட்டுக்கே பொருளில்லை என்று தொழிற்சங்கப் பிரதிநிதி உறுதியாக நின்றார். அவர் சொன்னதே சரி. இப்போது அச்சாவி முத்திரையிட்ட பெட்டியில் இருக்கிறது. நிர்வாகமும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் வெளியே வரும். பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தின் சிலிண்டர் (பெரிய உருளை) மின்சாரம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் சுழலும் என்பதையும், அது முற்றிலும் நிற்காமல் மூடியைத் திறக்கக் கூடாது என்பதையும் பயிற்சியில் சேர்க்கவைத்தவரும் அவரே. தாராளமாக வாங்கலாம், மாஸ்டர் சாவி இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.